மீதி ஒன்று

பூம்பாறையில் மூட்டை ஏறும்போதே கவனித்தேன்:
மீட்டரில் 510486.
இன்னும் இருபத்துநாலு கிலோமீட்டர்.
யாரிடமும் சொல்லவில்லை.
வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டோடு போகிறவள்
ஓர் எண்ணுக்காகக் காத்திருக்கிறாள் என்றால்
பில் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

கொடைக்கானல் இன்னும் எழுந்திருக்கவில்லை.
ஏரிமுனையில் ஒரு டீக்கடை, ஒரு நாய், பனி.
செண்பகனூர் தாண்டியதும்
கடைசி ஒன்பது மெல்லக் கவிழ்ந்தது.
"குழந்தைவேல் அண்ணே, கொஞ்சம் மெதுவா."
"மாடு நிக்குதா?"
"இல்ல. நம்பர்."

510510.

இரண்டாம் கியரில் ஒரு கிலோமீட்டர்,
அவ்வளவுதான் இதன் ஆயுள்.
ஐந்நூற்றுப்பத்து, பக்கத்தில் இன்னொரு ஐந்நூற்றுப்பத்து,
ஒரே துணியில் தைத்த இரண்டு சட்டை.
அப்படி இருமுறை எழுதினால்
உள்ளே ஆயிரத்தொன்று ஒளிந்திருக்கும்.
மொய்க்கவரில் வைக்கிறோமே, அதே ஆயிரத்தொன்று.
பிரியக்கூடாது என்றுதான் அந்த ஒரு ரூபாய்;
ஏழு அதைப் பிரிக்கும்,
பதினொன்று பிரிக்கும், பதிமூன்றும் பிரிக்கும்.
மிச்சமிருக்கும் ஐந்நூற்றுப்பத்தில்
இரண்டு, மூன்று, ஐந்து, பதினேழு.

பகா எண்களில் முதல் ஏழும்
ஒருவர் விடுபடாமல், ஒருவர் இருமுறை வராமல்
ஒரே பந்தியில்.
பூண்டை உடைத்தால் பல் பல்லாக வருமே, அப்படி.
பல்லை அதற்குமேல் உடைக்க முடியாது,
நசுக்கத்தான் முடியும்.

"இதுல என்ன விசேஷம்?"
இந்த வண்டி ஷோரூமில் நின்ற அன்று
மீட்டரில் எல்லாம் பூஜ்யம்.
அன்று இந்த ஏழும் மீதியில்லாமல் வகுத்தன.
அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.
அடுத்தது பத்து லட்சத்து இருபத்தோராயிரத்து இருபது.
அதை எழுத இந்த மீட்டரில் கட்டம் போதாது.
அவர் ஸ்டீயரிங்கை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

"சரி, அடுத்த கிலோமீட்டர்?"
ஒன்றைக் கூட்டினால் ஏழு பேருக்கும் ஆகாது.
யார் வகுத்தாலும் மீதி ஒன்று.

எனக்கு அந்த மீதியைத் தெரியும்.
பெரியகுளத்தில் ஏழு பேர் இருந்த வீட்டில்
எட்டாவதாக நாலு வருஷம் இருந்தேன்.
தட்டை எண்ணினாலும் தீபாவளிப் புடவையை எண்ணினாலும்
காரில் இடத்தை எண்ணினாலும்
மீதி ஒன்று.
பிறகு மலையேறி வந்து
ஒருபல் பூண்டாக இருந்துகொள்வது என்று முடிவெடுத்தேன்.
மூட்டைக்குப் பத்துப் பதினைந்து கிடைக்கும் அப்படி,
கோலிக்குண்டுபோல, உரித்தால் உள்ளேயும் ஒன்றே.
மருந்துக்கென்று தனி விலை.

"அடுத்தது ஒருபல்தான் அண்ணே," என்றேன்.
"யாராலயும் பிரிக்க முடியாது."

வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் 510511.
சும்மா, கை அரித்ததால்
ஒரு பில்லின் முதுகில் வகுத்துப் பார்த்தேன்.
பத்தொன்பது
மீதியில்லாமல் போயிற்று.
26869 வந்தது.
அதையாவது விட்டிருக்கலாம்.
இருபத்துமூன்று, இருபத்தொன்பது, முப்பத்தொன்று என்று
கேபின் விளக்கில், வளைவுக்கு வளைவு கோணலாகும் இலக்கங்களில்
இறங்கிக்கொண்டே இருந்தேன்.
தொண்ணூற்றேழு.
அதன்பின் இருநூற்று எழுபத்தேழு.

பந்தியில் இல்லாத மூவர்.
அந்த ஏழு பேருக்கும் முகம் தெரியாதவர்கள்.
எந்தப் பட்டியலையும் பெருக்கி ஒன்றைக் கூட்டு,
பட்டியலுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள்.

"தப்பாச் சொல்லிட்டேன் அண்ணே. அது பிரியுது."
"ஏழுல யாரு பிரிச்சது?"
"ஏழுல இல்ல. வேற ஆளுங்க."
அவர் ஹாரனை அடித்துவிட்டு
"இருப்பாங்கல்ல," என்றார்.

பெருமாள்மலையில் நிறுத்தி மூன்று டீ சொன்னார்.
மேலே தார்ப்பாய்க்குள்ளிருந்து
நேற்றுச் சேர்ந்த லோடு பையன் இறங்கிவந்தான்,
தலையெல்லாம் பூண்டுத் தோல்.
அவன் பெயரை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.
மீட்டரில் 510514.
இரட்டைப்படை.
அதற்கு யாரும் யோசிக்க வேண்டியதில்லை.